படுக்கையில் விழுந்தவர் வீட்டுக்கு ஒரு சபை ஓராண்டு துணை நிற்பது எப்படி

பக்கவாதம் வந்து ஒருவர் படுத்துவிட்டால் முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் மேசை நிறைந்துவிடும். இரண்டாம் மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஆறாம் மாதம், “பார்த்து ரொம்ப நாளாச்சே, இப்ப எந்த முகத்தோடு போறது” என்று தெரிந்தவர்களே அடுத்த தெரு வழியாகப் போய்விடுகிறார்கள். அந்த வீட்டின் உண்மையான கஷ்டம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். சேமிப்பு கரைந்திருக்கும், முதுகில் புண் வைத்திருக்கும், தூக்கித் தூக்கி மனைவிக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கும்.

நல்ல சமாரியன் காயம் கட்டியதை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததையும், அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொன்னதையும் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம் (லூக்கா 10:35). அன்றைய கணக்கில் அது இரண்டு நாள் கூலி. அவன் இரக்கப்பட்டதோடு நிற்காமல் மீதி நாட்களுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். அந்த ஏற்பாட்டை ஒரு சிறிய சபை எப்படிச் செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

ஆள் சேர்ப்பது

ஒரு வீட்டுக்கு எட்டுப் பேர் போதும். நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம். உதாரணமாக செவ்வாய் மாலை 4 மணி. அந்த நாளும் நேரமும் மாறக் கூடாது. “முடிஞ்சப்ப வர்றோம்” என்கிறவர்களால் அந்த வீட்டுக்கு எந்த உபயோகமும் இல்லை. வருவார்களா மாட்டார்களா என்று காத்திருப்பது இன்னொரு பாரம். செவ்வாய் நான்கு மணிக்கு ஆள் வரும் என்று தெரிந்தால்தான் அந்த அம்மா அந்த நேரத்துக்கு மருந்துக்கடை வேலையையோ தூக்கத்தையோ ஒதுக்கிவைக்க முடியும்.

நோயாளி ஆணானால் ஜோடியில் ஒருவராவது ஆணாக இருக்க வேண்டும், பெண்ணானால் பெண். பெண்கள் சங்கம் மட்டுமே இந்த வேலையைச் சுமப்பது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. எண்பது கிலோ மனிதரைத் திருப்ப வாலிபர் ஐக்கியத்துப் பையன்கள் வேண்டும். அவர்களைக் கேட்டால் வருவார்கள், நாம் கேட்பதில்லை.

ஒருங்கிணைக்க ஒரே ஒருவர். குடும்பத்தார் எதற்கும் அவருக்கு மட்டும் போன் செய்தால் போதும். போதகரை அந்த இடத்தில் வைக்க வேண்டாம். அவருக்கு மாற்றல் வரும், திருமணமும் அடக்கமும் ஒரே நாளில் வரும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பேருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்துப் புதிதாக இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். புதியவர் முதல் இரண்டு வாரம் பழைய ஜோடியோடு மூன்றாவது ஆளாகப் போய்ப் பார்த்துப் பழகட்டும். இதைச் செய்யாத குழு ஐந்தாம் மாதம் ஒரே ஒரு அக்காவின் தோளில் வந்து நிற்கும். அவரும் விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

முதல் தடவை போகும்போது

கையில் பழம் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுபோங்கள். “என்ன வேணும்னாலும் சொல்லுங்க” என்று கேட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கூச்சம். “செவ்வாய்க்கிழமை நாங்க ரெண்டு பேர் நாலு மணிக்கு வந்து ஐயாவைத் திருப்பிப் படுக்க வச்சு, படுக்கை விரிப்பு மாத்தித் தர்றோம், சரியா மதினி?” என்று வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நோயாளியிடமும் கேளுங்கள். பேச முடியாவிட்டாலும் கண் மூடினால் ஆமாம், தலை அசைத்தால் வேண்டாம் என்று ஏதாவது ஓர் அடையாளம் முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். அவர் முன்னால் அவரைப் பற்றி, அவர் இல்லாததுபோல் பேசுவதைவிடக் கொடுமை வேறில்லை. காது பெரும்பாலும் நன்றாகவே கேட்கும்.

அந்த நோட்டு கட்டில் காலில் கயிறு கட்டித் தொங்கட்டும். தேதி, நேரம், எந்தப் பக்கம் படுக்க வைத்தது, என்ன சாப்பிட்டார், சிறுநீர், மலம், தோலில் ஏதாவது நிறமாற்றம், வலி எவ்வளவு. ஒரு வரி போதும். கிராம செவிலியர் வந்தால் முதலில் இந்த நோட்டைத்தான் கேட்பார். மலம் போய் நான்கு நாளாயிற்று என்பது இப்படி எழுதி வைத்தால்தான் யாருக்காவது தெரியவரும்.

திருப்பிப் படுக்க வைப்பது

இந்த ஒரு வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டால் பாதிக் கஷ்டத்தைத் தடுத்துவிடலாம். படுக்கைப்புண் வாரக்கணக்கில் மெதுவாக வருவதாக நினைக்கிறார்கள். அசைய முடியாதவரின் வால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி ரத்தம் நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே உள்ளே திசு சாகத் தொடங்கும். வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதனால்தான் “நேத்து நல்லாத்தானே இருந்துச்சு” என்கிறோம்.

பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை: இடது, மல்லாக்க, வலது. குழு வாரத்தில் நான்கு நாள்தான் வரும். ஆகவே நீங்களே திருப்புவதைவிட வீட்டாருக்குச் சரியாகத் திருப்பக் கற்றுக்கொடுப்பதே பெரிய உதவி. இரவில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை நர்ஸிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். வீட்டாரும் தூங்க வேண்டுமே.

ஒரு பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை வரும்படி அடியில் விரியுங்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர். சேலை ஓரத்தை உடம்பை ஒட்டிவரும்வரை சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, இருவரும் சேர்ந்து சற்றே தூக்கி நகர்த்துங்கள். தரதரவென்று இழுத்தால் மேல்தோல் துணியோடு நிற்கும், உள்சதை நகரும். அந்த உராய்விலேயே புண் வரும். பிறகு திருப்ப வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து உருட்டுங்கள். நேராகப் பக்கவாட்டில் நிறுத்தினால் இடுப்பு எலும்பின்மேல் முழு எடையும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் நிறுத்துவது நல்லது. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. மல்லாக்கப் படுக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி.

பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தசை தளர்ந்திருப்பதால் தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். அந்தக் கைக்கு அடியில் எப்போதும் ஒரு சிறிய தலையணை இருக்கட்டும்.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், தோள்பட்டை, பிடரி, காது மடல் ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் காலம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் படுக்க வைப்பதை நிறுத்தி, நர்ஸிடம் சொல்லுங்கள். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள்.

நல்லது என்று நினைத்துச் செய்து கெடுக்கிற காரியங்கள் சில உண்டு. சிவந்த இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்ப்பது. ஏற்கெனவே நசுங்கிய திசு அதில் இன்னும் கிழியும். வளையம்போல் நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் தலையணை வைப்பது. ஓட்டையைச் சுற்றி அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் குறையும். ஈரத்தோடு பவுடர் போடுவது. அது கட்டிதட்டி உராயும். புண்ணில் மஞ்சள், காபித்தூள், டெட்டால் போடுவது. புண்ணைக் கழுவ, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு போட்டுக் கொதிக்க வைத்து ஆறவைத்தது போதும். மீதிக்கு நர்ஸ் சொல்கிற மருந்து.

ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று விடுகிற வீடுகளில்தான் மோசமான புண்களைப் பார்க்கிறோம். ஏர் பெட் உதவும். திருப்புவதற்கு மாற்று ஆகாது. அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய விரிப்பு மட்டும். ரப்பர் ஷீட், போர்வை, துண்டு என்று அடுக்கினால் காசு கொடுத்து வாங்கியதற்குப் பயனே இல்லை. உள்ளங்கையை மெத்தைக்கு அடியில், நோயாளியின் இடுப்புக்கு நேராக நுழைத்துப் பாருங்கள். உடம்பு கையில் தட்டினால் காற்றுக் குறைவு. கரண்ட் போனால் பம்ப் நின்று காற்று இறங்கும். அந்த நேரம் இன்னும் அடிக்கடி திருப்ப வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். மெலிந்த தோலை அவை கீறிவிடும்.

சாப்பாடு, வாய், சிறுநீர்ப் பை

படுத்தபடியே வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாசத்தால் செய்கிற இந்த ஒரு காரியத்தால் நிமோனியா வந்து இறந்தவர்கள் உண்டு. முடிந்தவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே சாய்த்து, சிறிய கரண்டியால், ஒரு வாய் முழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்தபின் அரை மணி நேரம் அப்படியே சாய்ந்து இருக்கட்டும். தண்ணீருக்குப் புரை ஏறி, கூழுக்கு ஏறாதவர்கள் பலர். தண்ணீர் குடித்தபின் இருமலோ கரகரத்த குரலோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தால் அதில் உணவு ஊற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும்.

வாயைச் சுத்தம் செய்வதை எல்லா வீட்டிலும் மறந்துவிடுகிறார்கள். மென்மையான பிரஷ் அல்லது விரலில் சுற்றிய ஈரத்துணியால், காலையும் இரவும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும். வாய் புண்ணாகிச் சாப்பாட்டை ஒதுக்குகிறவரைப் “பசியில்லை” என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு.

சிறுநீர் போக டியூப் போட்டிருந்தால், அது வந்து சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். திருப்பும்போது அதைத் தூக்கி வயிற்றின்மேல் வைத்தால் சிறுநீர் திரும்பி உள்ளே போய்க் காய்ச்சல் வரும். முக்கால் பை நிறையும் முன்பே காலி செய்யுங்கள். நான்கு மணி நேரமாகச் சொட்டுக்கூட வரவில்லை என்றால் டியூப் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வலி

வலியைச் சகித்துக்கொள்வதுதான் விசுவாசம் என்று எந்த நோயாளியிடமும் சொல்லாதீர்கள். நர்ஸாக இருந்து பிறகு டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண், 1967இல் லண்டனில் மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்காக செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தபோது அங்கே நிலைநாட்டிய முறை எளிமையானது: வலி வந்து கதறிய பிறகு மருந்து கொடுக்காமல், கடிகாரம் பார்த்து, வலி திரும்ப வரும் முன்பே கொடுப்பது. இன்று உலகம் முழுக்க அதுதான் நடைமுறை. பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். புற்றுநோயாளிக்கு டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதினால் “அது போதை, கடைசிக் கட்டம்” என்று வீட்டாரைப் பயமுறுத்தாதீர்கள். இந்தியச் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தம், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வைத்துக் கொடுப்பதை எளிதாக்கியிருக்கிறது. மார்ஃபின் எடுக்கிறவருக்கு மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதற்கான மருந்தையும் சேர்த்து எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

பார்த்துக்கொள்கிறவரைப் பார்த்துக்கொள்வது

வீட்டில் இரண்டு பேர் படுத்துவிடாமல் காப்பது குழுவின் வேலை. வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் அந்த அம்மாவுக்கு விடுமுறை. அவர் தலைக்குக் குளிக்கலாம், தூங்கலாம், ஞாயிறு ஆராதனைக்கு வரலாம். வந்தால் வாசலில் சூழ்ந்துகொண்டு “அவருக்கு எப்படி இருக்கு” என்று இருபது பேர் கேட்காதீர்கள். “நீ சாப்பிட்டியாம்மா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின?” என்று ஒருவர் கேட்டால் போதும்.

போகிற வீட்டில் காபி குடிப்பதில்லை என்பதைக் குழுவின் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. வாரம் நான்கு ஜோடிக்குக் காபி போடுவது அந்த அம்மாவுக்கு இன்னொரு வேலை.

பணமும் பிடியரிசியும்

சபையில் 24,000 ரூபாய் சேர்ந்தால், அதை முதல் வாரமே மொத்தமாகக் கொடுத்துப் படம் எடுக்காமல், மாதம் 2,000 என்று பன்னிரண்டு மாதம் கொடுங்கள். டயப்பர், கையுறை, டிரஸ்ஸிங் துணி, மருந்து எல்லாம் மாதாமாதம் வருகிற செலவு. ஆஸ்பத்திரிக் கடன் இருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். பணம் உறையில், ஒருவர் கையால், யாரும் இல்லாதபோது போகட்டும். பீடத்தில் பெயர் சொல்லி அறிவிக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் படுத்திருப்பவரின் படம் போடவே கூடாது.

பணம் கொடுக்க முடியாத குடும்பங்களும் பங்கெடுக்க நல்ல வழி பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் ஒதுக்குவது. மிசோரம் சபைகள் 1910 முதல் இப்படித்தான் தங்கள் ஊழியத்தைத் தாங்குகின்றன. கைப்பிடி சுமார் 50 கிராம் என்றால், நாற்பது வீடு நாளுக்கு ஒரு பிடி ஒதுக்கினால் மாதம் 60 கிலோ. ஒரு வீட்டுக்கு அது தேவைக்கு மேல். இரண்டு மூன்று குடும்பங்களைத் தாங்கும். கெட்டுப்போகிற இடம் ஒன்றுதான்: எல்லார் வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டினால் புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து, ஒன்று குழையும்போது ஒன்று வேகாது. வாங்குகிறவருக்கு அது பிச்சைபோல் தோன்றும். வாங்கும்போதே மூன்று சாக்கு வையுங்கள். வாராவாரம் சேருங்கள், மாதக் கடைசி வரை விட்டால் வண்டு வைக்கும்.

ஏ.டி.எம். கார்டு, நகை, வீட்டுச் சாவி எதையும் குழுவினர் கையில் வாங்கக் கூடாது. சொத்துப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் போடக் கூடாது. ஒரு சந்தேகம் விழுந்தால் உறவுக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள், நட்டம் நோயாளிக்குத்தான்.

அரசு உதவியும் கையெழுத்தும்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும், இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்பவருக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். சந்தேகத்துக்கு 104, அவசரத்துக்கு 108. நிரந்தர ஊனம் என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் பராமரிப்பு உதவித்தொகையும் கேட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனு நாளுக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். குடும்பத்தில் ஒருவரும் குழுவில் ஒருவரும் ஆவணங்களோடு போனால் போதும்.

இதில் தள்ளிப்போடக் கூடாதது வங்கிக் கணக்கு. நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே வங்கி மேலாளரிடம் பேசி, கைநாட்டு, நாமினி வேலைகளைக் குடும்பத்தார் முடித்துக்கொள்ள நினைவூட்டுங்கள்.

ஜெபிப்பதும் பேசாமல் இருப்பதும்

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. இது எந்தப் பாவத்தால் என்றோ, அறிக்கை செய்தால் எழுந்துவிடுவீர்கள் என்றோ, மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசியுங்கள் என்றோ சொல்லுகிறவரைக் குழுவிலிருந்து அன்போடு விலக்கிவிடுங்கள்.

“ஜெபிக்கட்டுமா?” என்று கேட்டு, மூன்று நிமிடத்துக்குள், மெல்லிய குரலில். அவருக்குத் தெரிந்த ஒரு சங்கீதம், சிறுவயதில் பாடிய ஒரு பாட்டு. மாதம் ஒரு முறை போதகர் திருவிருந்து கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள். விழுங்க முடியாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று முன்பே பேசிவையுங்கள். இந்து, இஸ்லாமியர் வீட்டுக்கும் இதே குழு, இதே செவ்வாய், இதே சேலை. அவர்களாகக் கேட்டாலொழிய அங்கே ஜெபமும் வேண்டாம், தலையணைக்கடியில் கைப்பிரதியும் வேண்டாம்.

படுத்திருப்பவரிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும். தோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தபடியே எழுதினார், பிள்ளைகளுக்கு ஆலோசனை சொன்னார். நீங்கள் போகும் வீட்டு ஐயா கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்றால் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூட்டிப்போங்கள். அந்த வாரம் சபையில் பரீட்சை எழுதுகிறவர்கள், பிரசவத்துக்கு நாள் பார்த்திருப்பவர்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதி, ஜெபிக்கும்படி அவரிடம் கொடுங்கள். அடுத்த வாரம் போய் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். ஒருவர் தினமும் விடிவதை எதிர்பார்க்க இது காரணமாகிவிடுவதைப் பார்க்கலாம்.

நோயாளி மரித்துவிட்டால்

அடக்கத்தோடு குழுவின் வேலை முடிவதில்லை. பார்த்துக்கொண்ட அம்மாவுக்குத் திடீரென்று கையில் வேலை இருக்காது, தூக்கமும் வராது. அதே ஜோடி, அதே செவ்வாய் நான்கு மணி, இன்னும் மூன்று மாதம் போக வேண்டும். இப்போது அவர் காபி கொடுத்தால் குடியுங்கள். விதவை உதவித்தொகைக்கு வேண்டிய இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுக்கக் கூடப் போங்கள். மீதமுள்ள மார்ஃபின் மாத்திரையை எண்ணி, அதைக் கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஏர் பெட்டை வீட்டார் தர விரும்பினால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவைத்து, பம்ப் ஓடுகிறதா, காற்று நிற்கும் அறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, மடித்து ஆலயத்து அலமாரியில் வையுங்கள். அடுத்த வீட்டுக்கு அது சீக்கிரமே தேவைப்படும்.